பத்தாம் நம்பரின் இரண்டாவது ஃபவுல்

கல்லூரி விடுதி,
ஜூலை 12

அன்புள்ள அக்கா,

இங்கே முதலாம் ஆண்டுப் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போன். அதுவும் பத்து நிமிடம். பின்னால் இருபது பேர் வரிசையில் நின்று என் முதுகையே முறைக்கிறார்கள். மூன்று ஞாயிறு பேசியாயிற்று. மூன்று தடவையும் அம்மாதான் எடுத்தாள். "அக்கா எங்கம்மா?" என்று கேட்டால், முதல் வாரம் நீ குளிக்கிறாய், இரண்டாம் வாரம் கடைக்குப் போயிருக்கிறாய், மூன்றாம் வாரம் மறுபடியும் குளிக்கிறாய். எப்போதிருந்து இவ்வளவு சுத்தக்காரி ஆனாய்? அதனால்தான் கடிதம். கடிதத்திடம் குளிக்கப் போகிறேன் என்று தப்பிக்க முடியாது.

அறையில் மூன்று கட்டில். எனக்குக் கிடைத்ததில் படுத்தால் கணுக்காலுக்குக் கீழே எல்லாம் வெளியே தொங்குகிறது. பக்கத்துக் கட்டிலில் இருக்கும் கெமிஸ்ட்ரிக்காரி முதல் நாளே வார்டனிடம், "மேடம், இவ காலுக்குத் தனியா ஒரு கட்டில் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டாள். நீ எனக்கு வைத்த பட்டப்பெயரை நான் யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் ஒரே வாரத்தில் அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். இங்கேயும் நான் ஒட்டடைக்குச்சிதான்.

கோர்ட் உள்ளரங்கில் இருக்கிறது, அக்கா. மரத் தரை. நம் பள்ளியில் வலை இல்லாத வளையத்தில், சிமெண்ட் தரையில் முட்டியைத் தேய்த்துக்கொண்டு பந்து போட்டோமே, அதெல்லாம் இவர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். முதல் நாள் பயிற்சியில் கோச் மேடம் என்னை நிறுத்தி, "ஸ்கூல் ஃபைனல்ல கடைசி பாஸ்கெட் போட்டது நீதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ஒரே பாயிண்ட்ல ஜெயிச்சாங்க. இந்த வருஷம் நமக்கு இருந்த ஒரே ஸ்போர்ட்ஸ் சீட்ட இவளுக்குத்தான் கொடுத்தோம்" என்று மற்றவர்களிடம் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ லேஸை இன்னொரு தடவை கட்டினேன்.

நான் கிளம்பிய அன்று நீ வரவில்லை. கடையில் அவசர வேலை என்றாள் அம்மா. ஞாயிற்றுக்கிழமை உன் மூக்குக்கண்ணாடிக் கடை திறக்காது என்பது எனக்குத் தெரியாதா? ஃபைனல் முடிந்த நாளிலிருந்து நீ என்னிடம் பேசியது மொத்தம் நாலைந்து வாக்கியம் இருக்கும். டவலை எடு, ஃபேனை நிறுத்து, இப்படி. நான் என்ன செய்தேன்? என்ன கோபம் என்று சொன்னால்தானே தெரியும்.

உன்
ஒட்டடைக்குச்சி


வீடு,
ஜூலை 30

ஒட்டடைக்குச்சிக்கு,

உன் கடிதத்தை முதலில் படித்தது அம்மா. தான் வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கு எடுத்துப்போய், தலைவலிக்கு மாத்திரை வாங்க வந்தவனுக்கும் வாசித்துக் காட்டியிருக்கிறாள். நல்லவேளை, நீ அதில் எதையும் எழுதவில்லை. இனிமேல் என் கண்ணாடிக் கடையின் விலாசத்துக்கு எழுது. பேப்பரில் வந்த உன் போட்டோவை மருந்துக் கடைக் கல்லாவுக்கு மேலே கண்ணாடியில் ஒட்டியிருக்கிறாள். இருமல் மருந்து கேட்டவர்கள் அதைப் பார்த்து நாலு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. அவள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. எனக்கு அந்தக் கடைப் பக்கம் போகவே கூசுகிறது.

என்ன கோபம் என்று கேட்டிருக்கிறாய். நீ ஒன்றும் தெரியாதவள்போல் எழுதியதைப் படித்த பிறகுதான் கோபமே வந்தது. அதுவரை வெறும் வெட்கம்தான்.

சரி, நானே எழுதுகிறேன். நாலாவது குவார்ட்டர், இரண்டு நிமிடம் பதினொரு வினாடி பாக்கி. ஸ்கோர் ஷீட்டில் ஒவ்வொருத்திக்கும் ஒரு வரி, வரிக்கு ஐந்து கட்டம். ஒரு ஃபவுலுக்கு ஒரு கட்டம். ஐந்தும் நிரம்பினால் வெளியே போய் உட்கார வேண்டும். உன் வரியில் நாலு நிரம்பியிருந்தது. எதிரணி கேப்டன், அந்த இடக்கைக்காரி, பந்தோடு உள்ளே வந்தாள். நீ அவள் கையில் அடித்தாய். விசில். ரெஃப்ரி டேபிள் பக்கம் திரும்பி ஒன்பது விரல் காட்டினார். ஒன்பது நீ. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் உனக்குக் கீழே இருந்த வரியில், பத்தாம் நம்பர் பெண்ணுக்கு எழுதினேன். அவளுக்கு அது இரண்டாவது. 'இரண்டு' என்று போட்டிருந்த அட்டையைத் தூக்கிக் காட்டினேன். டீம் ஃபவுல் எண்ணிக்கை சரியாகவே வந்ததால் யாருக்கும் எதுவும் தட்டுப்படவில்லை. நீ வெளியே போகவில்லை. கடைசி பாஸ்கெட்டை நீ போட்டாய்.

அன்றைக்கு எழுத வேண்டியவருக்குக் காய்ச்சல். யாரை உட்காரவைப்பது என்று பேச்சு வந்தபோது, இடக்கையின் பள்ளி மாஸ்டர்தான் என்னைக் கை காட்டினார். "அந்தப் பொண்ணே எழுதட்டும். ப்ராக்டிஸ் மேட்ச்ல சொந்தத் தங்கச்சியையே அஞ்சு ஃபவுல்ல வெளிய உக்கார வெச்சவ. அவ கை சுத்தம்." இதை அவர் எல்லோர் முன்னாலும் சொன்னார். மேட்ச் முடிந்ததும் தோற்றுப்போன அந்த மனுஷன் என்னிடம் வந்து, "ரொம்ப நீட்டா எழுதியிருக்கேம்மா" என்று சொல்லிவிட்டு ஷீட்டில் கையெழுத்துப் போட்டார்.

உன்னிடம் ஒன்றுதான் கேட்க வேண்டும். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம்? முகத்துக்கு நேரே கேட்கத் தைரியம் இல்லை. அதனால்தான் குளித்துக்கொண்டே இருந்தேன்.

நேற்று ஒருவருக்கு இடது லென்ஸை வலது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன். மாடிப்படியில் தடுக்கி விழப்பார்த்தேன் என்று திரும்பி வந்து சத்தம் போட்டார். ஆறு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

அக்கா


கல்லூரி விடுதி,
ஆகஸ்ட் 9

அக்கா,

நன்றாக இருக்கிறது உன் நியாயம். பேனா உன் கையில். ஷீட் உன் எதிரில். தப்பு என் பார்வையிலா?

விசில் அடித்தால் எல்லோரும் டேபிளைத்தான் பார்ப்பார்கள். நானும் பார்த்தேன். பத்தாம் நம்பரும் எனக்குப் பக்கத்தில்தான் நின்றாள். அவளும் கையை நீட்டியிருந்தாள். நீ 'இரண்டு' காட்டினாய். சரி, அவளைத்தான் பிடித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த இரைச்சலில், மூச்சு முட்டிக்கொண்டிருக்கும்போது, நான் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்ய முடியுமா? எண்ணுவது உன் வேலை. ஓடுவது என் வேலை.

நான் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. நீ செய்ததை என் தலையில் கட்டாதே.

இந்த வாரம் முதலில் களமிறங்கும் ஐந்து பேரில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். முதலாம் ஆண்டிலேயே இப்படிச் சேர்ப்பது ஆறு வருடத்துக்குப் பிறகு இப்போதுதானாம். இதை உனக்குத்தான் முதலில் எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன். அந்தச் சந்தோஷத்தையும் கெடுத்துவிட்டாய்.

ஒட்டடைக்குச்சி


கண்ணாடிக் கடை,
டிசம்பர் 17

ஒட்டடைக்குச்சிக்கு,

நாலு மாதம் பதில் போடாமல் இருந்ததற்கு உன்மேல் இருந்த கோபம் மட்டும் காரணமில்லை. எழுதுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது.

போன சனிக்கிழமை லென்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த மிஷின் சத்தத்தில் யார் வந்தாலும் தெரியாது. நிமிர்ந்து பார்த்தால், இடக்கையின் மாஸ்டர் எதிரில் நிற்கிறார். கழுத்தில் அதே விசில். படிக்கிற கண்ணாடி வேண்டுமாம். "வயசாயிடுச்சும்மா, எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடுது. நீ எழுதின ஷீட்ட மட்டும்தான் கண்ணாடி இல்லாமலே படிக்க முடியும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிக்கத் தெரியவில்லை.

கண்ணாடிக்காக மட்டும் வரவில்லை அவர். கையில் ஒரு ஃபாரம் இருந்தது. மேட்ச்சில் ஸ்கோர் எழுதும் மாநில டேபிள் அதிகாரிகளுக்கான தேர்வு. அவரே சிபாரிசுக் கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு, மேலே பின் அடித்துக் கொண்டுவந்திருந்தார். "இதுல பாஸ் பண்ணினா பெரிய மேட்ச்சுக்கெல்லாம் நீதான். இந்தக் கடையில கண்ணாடி தேய்ச்சுக்கிட்டே கெடக்காதே" என்றார். எனக்கு இந்தத் தேர்வு எவ்வளவு நாள் ஆசை என்று உனக்குத் தெரியும். உயரம் வராததால் ஆட்டம் எனக்கு இல்லை என்று ஆனபோது, டேபிளாவது இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டவள் நான்.

இடக்கை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. வாய் கேட்டுவிட்டது. "அவ விட்டுட்டாம்மா. பார்சல் கிடங்குல வேலைக்குப் போறா. சீட் ஒண்ணுதான இருந்துச்சு, அது உன் தங்கச்சிக்குப் போயிடுச்சு. அதுல தப்பு சொல்ல முடியாதே, ஜெயிச்சவங்களுக்குத்தான் கெடைக்கும்" என்றார். அவருக்கு லென்ஸ் மாட்டியபோது, சரிபார்க்கிறேன் என்று சொல்லி மூன்று தடவை கழற்றி மாட்டினேன்.

திங்கட்கிழமை அவர் பள்ளி வரைக்கும் போனேன். கேட்டில் நின்றேன். வாட்ச்மேன் "யாரப் பாக்கணும்?" என்று கேட்டார். "அட்ரஸ் மாறி வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். எனக்கே என்னை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.

அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். சொன்னால் உன் சீட்டுக்கு என்ன ஆகும் என்று தெரியாது. போகவும் கூடும். அதனால் உன்னைக் கேட்கிறேன். ஒரு தடவை உன்னைக் கேட்காமல் செய்தது போதும்.

பதில் போடு.

அக்கா


கல்லூரி விடுதி,
டிசம்பர் 24

அக்கா,

வேண்டாம். உன் காலில் விழுகிறேன், வேண்டாம்.

நீ சொன்னால் அந்த மாஸ்டர் அதோடு விடுவாரா? கூடைப்பந்துச் சங்கத்துக்கு எழுதுவார். சங்கம் கல்லூரிக்கு எழுதும். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து நிற்பேன். அம்மாவை நினைத்துப் பார். மருந்துக் கடைக் கண்ணாடியிலிருந்து அந்தப் போட்டோவை யார் கிழிப்பது? அவளேவா?

போன மாதம் பல்கலைக்கழக அணிக்கு என்னைத் தேர்வு செய்திருக்கிறார்கள். உனக்கு எழுதவில்லை, ஏனென்று உனக்கே தெரியும். வேறொரு ஊருக்கு விளையாடப் போனோம். பெயர் தெரியாதவர்கள் எல்லாம் என் நம்பரைச் சொல்லிக் கத்தினார்கள். வாழ்க்கையில் எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான், அக்கா. மார்க் உனக்கு வந்த மாதிரி எனக்கு எப்போதாவது வந்திருக்கிறதா?

இரண்டு வருடம் பொறு. படிப்பு முடியட்டும். அதற்குப் பிறகு நானே உன்னோடு வந்து சொல்கிறேன். சத்தியமாக.

இந்தக் கடிதத்தைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். அம்மாவை நடுவில் இழுத்திருக்கிறேன். அது அசிங்கம் என்று எனக்கே தெரிகிறது. ஆனாலும் அடிக்கவில்லை. அடித்தால் நீ சொல்லிவிடுவாயோ என்று பயம்.

ஒட்டடைக்குச்சி


கண்ணாடிக் கடை,
ஜனவரி 2

சரி. சொல்லவில்லை. ஃபாரமும் அனுப்பவில்லை. அம்மா நலம்.


கல்லூரி விடுதி,
செப்டம்பர் 5

அக்கா,

உன்னுடைய அந்த ஒற்றை வரி வந்து எட்டு மாதம் ஆகிறது. விடுமுறைக்கு நான் வந்தபோதும் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதற்கு மேல் நாம் பேசவில்லை. இரண்டு பேரும் அம்மாவுக்காகச் சிரித்தோம். அவள் போனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். நீ பதில் போட வேண்டாம். எனக்குச் சொல்ல வேறு ஆள் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

இடக்கை இங்கே வந்துவிட்டாள்.

ஸ்போர்ட்ஸ் சீட்டில் இல்லை. ஒரு வருடம் கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டே படித்து, மார்க் வாங்கி, எல்லோரையும்போல் முதலாம் ஆண்டில் சேர்ந்திருக்கிறாள். அணித் தேர்வுக்கு வந்து கடைசி வரிசையில் நின்றாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள், அக்கா. "உன்ன டிவில பாத்தேன்டீ! கிடங்குல எல்லார்கிட்டயும் சொன்னேன், இவ என்னத் தோக்கடிச்சவன்னு" என்றாள். பெருமையாகச் சொல்கிறாள். என் கை இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன்.

அணியில் சேர்த்துவிட்டார்கள். பெஞ்சில் இருக்கிறாள். நான் களைத்துப்போனால் என் இடத்தில் இறங்குவாள். இறங்குவதற்கு முன் என் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் உள்ளே போவாள்.

தினமும் காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து தனியாக ஃப்ரீ த்ரோ போடுகிறாள். நூறு. எண்ணிக்கொண்டே போடுகிறாள். தவறினால் மறுபடியும் ஒன்றிலிருந்து. ஏன்டீ இப்படி உயிரை விடுகிறாய் என்று கேட்டேன். பந்தைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "ஃபைனல்ல ரெண்டு நிமிஷம் இருக்கறப்ப எனக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ கெடைச்சுது, ஞாபகம் இருக்கா? ஒண்ணு போட்டேன், ஒண்ணு விட்டேன். ஒரு பாயிண்ட்ல தோத்தோம். என்னாலதான். எங்க ஸ்கூலே அழுதுச்சு."

அந்த இரண்டு த்ரோ கொடுத்த ஃபவுல் எனக்கு ஐந்தாவது என்று உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

அவள் போட்ட பந்துகளை எடுத்து எடுத்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஒட்டடைக்குச்சி


கல்லூரி விடுதி,
அடுத்த ஆண்டு, ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்கா,

சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னதற்கு மன்னித்துக்கொள். கேட்டிருந்தால் மறுபடியும் பயந்திருப்பேன்.

திங்கட்கிழமை கோச் மேடம் இந்த வருடக் கேப்டனை அறிவித்தார். என் பெயர். முதலில் கைதட்டியது இடக்கை. என் கையைப் பிடித்து மேலே தூக்கிக் காட்டினாள். நான் நன்றி சொல்ல எழுந்தேன், அழுகைதான் வந்தது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

மதியம் பந்துகளுக்குக் காற்றடிக்க அவளும் நானும் சாமான் அறைக்குப் போனோம். கோர்ட்டை ஒட்டி இருக்கும் ஒரு சின்ன அறை. ரப்பர் நாற்றம், ஒரு ஜன்னல். அவள் பம்பை அழுத்திக்கொண்டிருந்தாள். நான் பந்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சொன்னேன். ஐந்தாவது ஃபவுல், கீழ் வரி, அட்டை, எல்லாம். அவள் பம்பை நிறுத்தவே இல்லை. நான் முடித்த பிறகும் அடித்துக்கொண்டே இருந்தாள். பந்து கல்லாகிவிட்டது.

"இத எதுக்கு இப்ப என்கிட்ட சொல்ற?" என்று கேட்டாள்.

தெரியவில்லை என்றேன்.

"என்னாலதான் தோத்தோம்னு நெனச்சு, நெனச்சு, ஒரு வழியா பழகிட்டேன். அதுல இருந்து எந்திரிச்சுதான் இங்க வந்தேன். இப்ப நீ வந்து அதுவும் இல்லங்கற. நான் நூறு நூறா போட்டேனே, நீயும் பந்து எடுத்துக் கொடுத்தியே. அப்ப சொல்லியிருக்கலாம்ல?" கத்தவில்லை, அக்கா. கத்தியிருந்தால் தேவலை. "சொல்லிட்டு நீ நல்லவளாயிடுவ. எனக்கு என்ன ஆகும்?"

அவள் பந்தைக் கூடையில் போட்டுவிட்டுப் போனாள். மறுநாள் காலை கோர்ட்டில் அவளைக் காணோம்.

அதற்குப் பிறகு கோச் மேடத்திடம் போனேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. "எழுதிக் கொடு" என்றார். எழுதிக் கொடுத்தேன். வருகிற வியாழக்கிழமை விசாரணை. சீட் போகும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஜெர்சியைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன்.

உனக்கு முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். முதல் வருடம் நீ கேட்டாய், அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று. நான் உன்மேல் பாய்ந்தேன். இந்த இரண்டு வருடமும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ சொன்னது சரி. நான் கெஞ்சினேன். என்னை வெளியே அனுப்பிவிடாதே என்றுதான் உன்னைப் பார்த்தேன். நான் அப்படிப் பார்த்திருக்காவிட்டால் நீ ஒழுங்காக எழுதியிருப்பாய். உன்னைப் போன்றவள் தானாக அதைச் செய்வாளா? எழுதிக் கொடுத்ததிலும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்: நான் சைகை காட்டினேன், அக்கா மனம் இளகிவிட்டாள், அவள்மேல் தவறில்லை.

உன் பெயருக்கு ஒன்றும் வராது. நீ அந்தத் தேர்வு எழுது. அம்மாவிடம் மட்டும் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

உன்
ஒட்டடைக்குச்சி


கண்ணாடிக் கடை,
ஆகஸ்ட் 24

என் ஒட்டடைக்குச்சிக்கு,

உன் கடிதத்தை மிஷின் பக்கத்தில் நின்று படித்தேன். முதலாளி "யாருக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். யாருக்கும் ஒன்றும் இல்லை என்றேன். பிறகு அரை நாள் லீவு போட்டுவிட்டு மாஸ்டரைப் பார்க்கப் போனேன். இந்தத் தடவை வாட்ச்மேனிடம் பொய் சொல்லவில்லை.

அவர் முழுவதையும் கேட்டார். நான் மாட்டிக் கொடுத்த கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "ஷீட்ல கையெழுத்து என்னுதும்மா. நானும்தான் பாக்கல" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு ஜன்னல் வழியாக மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து வந்தபோது திரும்பவில்லை.

அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். நீ அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டாம். மருந்துக் கடையில் அவள் ஒட்டிய போட்டோ இன்னும் அப்படியேதான் இருக்கிறது. கிழிக்கவில்லை. ஆனால் யார் கேட்டாலும் இப்போது கதை சொல்வதில்லையாம், பக்கத்தில் வேலை செய்கிற பெண் சொன்னாள்.

இனி நான் உனக்குச் சொல்ல வேண்டியது. இதை எழுத இரண்டு நாள் ஆயிற்று.

ரெஃப்ரியின் கை மேலே எழும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது அது ஒன்பது என்று. அவர் விரல்களை விரித்து முடிப்பதற்குள் என் பேனா கீழ் வரிக்குப் போய்விட்டது. கட்டத்தை நிரப்பினேன். அதன் பிறகுதான் தலையை நிமிர்த்தினேன். அதன் பிறகுதான் நீ திரும்பினாய். உன் முகத்தில் வியர்வை இருந்தது, பயம் இருந்தது. மற்றது எதையும் நான் பார்க்கவில்லை.

உன்மேல் இருந்த பாசம் என்று நினைத்துக்கொள்ளாதே. பாசமும் இருந்தது. ஆனால் அந்த நொடியில் என் மனதில் ஓடியது வேறு. என்னை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று ஓடியது. கை சுத்தம் என்று அவர் சொன்னாரே, அந்த வார்த்தையை நம்பித்தான் துணிந்தேன். அந்த நல்ல பெயர் இல்லாதவளாக இருந்திருந்தால் பயந்து சரியாக எழுதியிருப்பேன்.

அதைத் தாங்க முடியாமல்தான் உன் பார்வையை இழுத்தேன். தங்கை கெஞ்சினாள், அக்கா இளகினாள் என்றால் கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? முதலில் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பிறகு உனக்கு எழுதினேன். நீ மறுத்தபோது கோபப்பட்டேன். எழுதி எழுதி, பேசாமல் இருந்து இருந்து, கடைசியில் உன்னையே அதை நம்பவைத்துவிட்டேன். நீ அதைக் கையெழுத்துப் போட்டு வேறு கொடுத்திருக்கிறாய்.

அட்டையைப் பார்த்த பிறகும் நீ விளையாடினாய். அது உன் தப்பு. அதை நான் வாங்கிக்கொள்ள மாட்டேன். இடக்கை உன்னைக் கேட்ட கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் நீ எழுதிக் கொடுத்ததில் சைகை என்று இருக்கிறதே, அது பொய். வியாழக்கிழமை காலை நான் அங்கே இருப்பேன். அவர்கள் முன்னால், உன் முன்னால், முடிந்தால் அந்தப் பெண்ணின் முன்னாலும் இதைச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு நீ என்னைப் பார்க்கவே வேண்டாம் என்றாலும் சரி.

அன்றைக்கு நீ என்னிடம் எதுவும் கேட்கவில்லையடி. ஒன்றுமே கேட்கவில்லை.

அக்கா